பாக்டீரியாவின் டி.என்.ஏ. பழுதுபார்ப்பு: வெட்டுவது எளிது, சரியான மூலத்தைக் கண்டறிவதே கடினம்

கேட்கப்பட்ட கேள்வி இது: ஒரு பாக்டீரியாவுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு குரோமோசோம்தான். அதைச் சுற்றி உட்கருச் சவ்வுகூடக் கிடையாது. வெயிலும், சூழலில் உள்ள வேதிப்பொருள்களும், அதன் உடலிலேயே உண்டாகும் வீரியமிக்க ஆக்சிஜன் சேர்மங்களும் அதை ஓயாமல் தாக்குகின்றன. அப்படியிருந்தும் அதன் மரபுச் செய்தி தலைமுறை தலைமுறையாகக் கெடாமல் எப்படி நிற்கிறது? பழுதுபார்ப்பு அவ்வளவு துல்லியமானது என்றால், மருந்துக்கு அடங்காத வகைகள் எங்கிருந்து வருகின்றன?

இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகவே அணுகலாம் என்று நினைக்கிறேன். டி.என்.ஏ.வில் கெட்டுப்போன பகுதியை வெட்டி நீக்குவது உயிரணுவுக்கு அவ்வளவு கடினமான வேலை அன்று. அதற்கான நொதிகள் ஏராளமாக இருக்கின்றன. வெட்டிய இடத்தில் எதை வைப்பது, அதற்கான சரியான மூலம் எங்கே இருக்கிறது என்பதுதான் ஒவ்வொரு முறையும் எழும் சிக்கல். மூலம் எதிர் இழையிலோ இன்னொரு குரோமோசோமிலோ கிடைக்கும்வரை திருத்தம் ஏறத்தாழப் பிழையற்றதாகவே நடக்கிறது. மூலம் எங்குமே கிடைக்காதபோது பாக்டீரியா ஊகித்து எழுதுகிறது. மருந்தை எதிர்க்கும் மாற்றங்களில் ஒரு பகுதி அந்த ஊகத்தில் பிறக்கிறது. இந்தத் துறையில் மிக விரிவாக ஆராயப்பட்ட எஸ்கெரிச்சியா கோலை என்னும் குடல் பாக்டீரியாவையே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். இனி அதை ஈ. கோலை என்றே குறிப்பிடுகிறேன்.

முதலில் அளவுகளைச் சொல்லிவிட வேண்டும். ஈ. கோலை கே-12 வகையின் முழு மரபுத்தொகுதி 1997-இல் வெளியானது. அதில் ஏறத்தாழ 46 லட்சம் கார இணைகள், அதாவது இரு இழைகளிலும் எதிரெதிரே பொருந்தும் எழுத்து இணைகள், உள்ளன. இரட்டிப்பின்போது, இழைகள் பிரிந்து நகலாகும் இடங்களான இரண்டு கவைகள் எதிரெதிர்த் திசைகளில் நகர்கின்றன. ஒவ்வொரு கவையிலும் நொடிக்கு ஏறத்தாழ 1000 எழுத்துகள் கோக்கப்படுவதால், வட்ட வடிவக் குரோமோசோம் முழுவதும் 40 நிமிட அளவில் நகலாகிவிடுகிறது. இந்த வேகத்தில் பாலிமரேஸ்-3 என்னும் நொதி தன் தேர்வில் ஒரு லட்சம் எழுத்துக்கு ஒன்றைத் தவறாக வைக்கிறது. அந்த நொதியோடு சேர்ந்திருக்கும் எப்சிலான் என்னும் துணைப்புரதம், கடைசியாகச் சேர்த்த எழுத்து சரியாகப் பொருந்தவில்லை என்றால் அதை உடனே கழற்றிவிடுகிறது. பிழை ஒரு கோடிக்கு ஒன்றாகக் குறைகிறது. அதன்பின் நடக்கும் பொருந்தா இணைத் திருத்தம் அதை 100 கோடிக்கும் 1000 கோடிக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் ஒன்று என்ற நிலைக்குக் கொண்டுவருகிறது. ஏறத்தாழ ஆயிரம் முறை பிரிந்தால்தான் ஒரு புதிய மாற்றம் தோன்றும் என்பது இதன் பொருள்.

இவை நகலெடுக்கும்போது நேரும் பிழைகள் மட்டுமே. சும்மா இருக்கும் டி.என்.ஏ.வும் கெடுகிறது. நீர் பட்டுக் காரங்கள் உதிர்கின்றன, சைட்டோசைன் தன் அமினோ தொகுதியை இழந்து யுராசிலாகிறது, ஆக்சிஜன் குவானைனை மாற்றுகிறது, புற ஊதாக் கதிர் அடுத்தடுத்த இரண்டு தைமின்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது.

சேதத்தை அது உண்டான வழியிலேயே திருப்பிவிட முடிந்தால் மூலத்தைத் தேடும் வேலையே இல்லை. இவ்வகைத் திருத்தங்களில் முதலில் தெரியவந்தது ஒளியால் நடப்பது. 1940-களின் இறுதியில் ஆல்பர்ட் கெல்னர் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில், ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்னும் மண் பாக்டீரியாவின் வித்துகளைப் புற ஊதாவால் தாக்கி, அவை எந்த வெப்பநிலையில் தேறுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே அளவு கதிர், ஒரே வெப்பநிலை. ஆனால் பிழைத்தவற்றின் எண்ணிக்கை புட்டிக்குப் புட்டி நம்பமுடியாத அளவுக்கு மாறியது. புட்டிகள் தொங்கிய நீர்த்தொட்டியின் முகப்பு கண்ணாடியால் ஆனது. தொட்டி ஜன்னலருகே மேசைமீது இருந்தது. சில புட்டிகளின்மீது மற்றவற்றைவிட அதிகமாக வெளிச்சம் விழுந்தது. வெளிச்சத்தையே சோதனைக்கு உட்படுத்தியபோது, இறந்ததாகக் கணக்கிடப்பட்ட வித்துகள் பெருமளவில் மீண்டன. அதை 1949-இல் அவர் வெளியிட்டார். தற்செயலாகத் தெரிந்த ஒரு குளறுபடியை ஒதுக்கித்தள்ளாமல் அதன் காரணத்தைத் தேடிப்போன இந்த நேர்மைதான் பழுதுபார்ப்பு என்னும் துறையையே தொடங்கிவைத்தது என்பது என் கருத்து.

அந்த வேலையைச் செய்யும் ஃபோட்டோலயேஸ் நொதியை 1950-களின் பிற்பகுதியில் கிளாட் ரூபர்ட் ஆராய்ந்தார். அவருடைய மாணவர் அசீஸ் சன்ஜார் 1976-இல் அதன் மரபணுவைத் தனியே பிரித்தெடுத்தார். நீல ஒளியின் ஆற்றலை ஒரு துணைமூலக்கூறு உள்வாங்கி அதை நொதியிலுள்ள ஃபிளேவின் என்னும் இன்னொரு துணைமூலக்கூறுக்குக் கடத்துகிறது. ஃபிளேவின் ஓர் எலக்ட்ரானைப் பிணைந்த தைமின் இணைக்குத் தந்து, பிணைப்பு விடுபட்டதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. எதுவும் வெட்டப்படுவதில்லை, எதுவும் புதிதாக எழுதப்படுவதும் இல்லை. நம்மைப் போன்ற நஞ்சுக்கொடிப் பாலூட்டிகள் இந்த நொதியைப் பரிணாமத்தில் இழந்துவிட்டன.

இதே வகையைச் சேர்ந்த இன்னொன்று ஏடா என்னும் புரதம். குவானைனில் தவறான இடத்தில் ஒட்டிய மெத்தில் தொகுதியை அது தன் உடலிலுள்ள சிஸ்டீன் ஒன்றின்மேல் ஏற்றிக்கொள்கிறது. அந்த மெத்திலை அதனால் மீண்டும் இறக்கிவைக்க முடியாது. ஒரு மெத்திலை நீக்க ஒரு புரத மூலக்கூறு முழுவதும் செலவாகிறது. இவ்வளவு விலை கொடுத்தாவது உடனே நீக்குவதற்குக் காரணம், அந்தக் குவானைன் அடுத்த நகலில் தைமினோடு இணைந்துவிடும் என்பதுதான். 1977-இல் லியோனா சாம்சனும் ஜான் கெய்ர்ன்ஸும் ஈ. கோலைக்கு முதலில் மிகக் குறைந்த அளவில் மெத்திலேற்றும் நச்சைக் கொடுத்துப் பழக்கினால், பிறகு வரும் பெரிய அளவை அது தாங்குகிறது என்று காட்டினார்கள். ஏடா தன்மேல் வேறோர் இடத்தில் ஏற்றிக்கொள்ளும் மெத்திலே தன் மரபணுவைத் தூண்டும் அறிகுறியாகிறது என்பது பின்னர் தெரிந்தது.

திருப்ப முடியாதவற்றை வெட்டித்தான் ஆக வேண்டும். சேதம் ஓர் இழையில் மட்டும் இருந்தால் எதிர் இழையே மூலம். டோமஸ் லிண்டால் 1974-இல் ஈ. கோலையில் கண்டறிந்த யுராசில் டி.என்.ஏ. கிளைக்கோசிலேஸ் இதற்கு நல்ல சான்று. அது டி.என்.ஏ.வில் யுராசிலைக் கண்டால் அந்தக் காரத்தை மட்டும் பிடுங்கிவிடுகிறது; வேறு நொதிகள் அங்கே எழுத்துகளைக் கோக்கும் முதுகெலும்பை வெட்ட, பாலிமரேஸ்-1 எதிரிலுள்ள குவானைனைப் பார்த்துச் சைட்டோசைனை வைக்க, லைகேஸ் என்னும் நொதி ஒட்டிவிடுகிறது. யுராசில் டி.என்.ஏ.வுக்கு உரிய எழுத்து அன்று என்பதால், அது எங்கே இருந்தாலும் பிழை என்று நொதியால் முடிவுசெய்ய முடிகிறது. ஆர்.என்.ஏ. யுராசிலைப் பயன்படுத்தும்போது டி.என்.ஏ. ஏன் தைமினைப் பயன்படுத்துகிறது என்ற பழைய வினாவுக்கும் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இதுவே.

இந்த விளக்கத்தின் வலிமை அது தோற்கும் இடத்தில் தெரிகிறது. ஈ. கோலை சி-சி-ஏ-ஜி-ஜி, சி-சி-டி-ஜி-ஜி என்னும் வரிசைகளில் இரண்டாவது சைட்டோசைனுக்கு மெத்தில் ஏற்றுகிறது. அந்த மெத்தில் சைட்டோசைன் அமினோ தொகுதியை இழந்தால் கிடைப்பது யுராசில் அன்று, முறையான தைமின். எதிரே குவானைன், இரண்டும் உரிய எழுத்துகள், இவற்றில் எது பிழை? 1978-இல் லாக்-ஐ மரபணுவை ஆராய்ந்தபோது திடீர்மாற்றங்கள் குவியும் இடங்கள் துல்லியமாக இந்த மெத்தில் சைட்டோசைன்களின்மேலேயே இருந்தன. இதற்கென்றே ஈ. கோலையில் விஎஸ்ஆர் என்னும் தனி நொதி இருக்கிறது. அந்த வரிசையில் தைமின்–குவானைன் பொருத்தம் தென்பட்டால், தைமினே தவறு என்று முன்முடிவாக எடுத்துக்கொண்டு அதனருகே வெட்டுகிறது. அந்த முன்முடிவு பெரும்பாலும் சரியாக இருக்கும், எப்போதும் அன்று.

புற ஊதாவால் பிணைந்த தைமின்களையும் பருத்த வேதிச் சேர்க்கைகளையும் இருளில் நீக்குவது யூவிஆர் தொகுதி. இது குறிப்பிட்ட சேதத்தைத் தேடுவதில்லை. இரட்டைச் சுருளின் வடிவம் எங்கே கோணியிருக்கிறது என்று பார்க்கிறது. யூவிஆர்-ஏ கோணலைக் கண்டு யூவிஆர்-பி-யை அங்கே இறக்கிவிட, அது சேதத்தை உறுதிசெய்கிறது. பின்பு வரும் யூவிஆர்-சி சேதத்தின் இருபுறமும் வெட்ட, 12 அல்லது 13 எழுத்து நீளமுள்ள துண்டு யூவிஆர்-டி-யால் கழற்றப்படுகிறது. இடைவெளியை நிரப்ப எதிர் இழை இருக்கிறது. படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் சேதத்தில் முட்டி நின்றுவிட்டால், எம்எஃப்டி என்னும் புரதம் அதைத் தள்ளிவிட்டு யூவிஆர்-ஏ-யை அங்கேயே அழைக்கிறது. அதனால் வேலையிலிருக்கும் மரபணுக்கள் மற்றவற்றைவிட விரைவாகச் சீராகின்றன. இதற்கான முதல் தடயத்தை ஈவ்லின் விட்கின் 1950-களிலேயே கண்டிருந்தார். யூவிஆர்-ஏ, முறிவுகளைச் சீராக்க உதவும் ரெக்-ஏ (இதைப் பின்னர் பார்ப்போம்) ஆகிய இரண்டு மரபணுக்களும் இல்லாத ஈ. கோலையைக் கொல்ல, அதன் மரபுத்தொகுதி முழுவதிலும் ஒன்றிரண்டு பிணைந்த இணைகள் போதும். பழுதுபார்ப்பு எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவு எனக்குத் தெரியவில்லை.

இனி, மூலம் எது என்னும் சிக்கல் மிகக் கூர்மையாக எழும் இடம். நகலெடுக்கும்போது குவானைனுக்கு எதிரே தைமின் விழுந்து, எப்சிலானும் தவறவிட்டுவிட்டால், அங்கே சேதமென்று சொல்ல எதுவுமில்லை. இரண்டும் நல்ல காரங்கள். ஒரே நூலின் இரண்டு ஏட்டுச் சுவடிகளில் ஓரிடத்தில் பாடபேதம் கண்ட பதிப்பாசிரியரின் நிலையில்தான் உயிரணு அப்போது இருக்கிறது: எது மூலப்பாடம், எது படியெடுத்தவரின் பிழை என்று தெரியாமல் திருத்தினால் பாதி முறை மூலத்தையே கெடுத்துவிடும்.

ஈ. கோலை இதற்குக் கண்ட வழி, பழைய இழைமேல் ஒரு முத்திரை. ஜி-ஏ-டி-சி என்னும் வரிசை எங்கே வந்தாலும் டாம் என்னும் நொதி அதிலுள்ள அடினைனுக்கு மெத்தில் ஏற்றுகிறது. ஆனால் இந்த நொதி இரட்டிப்புக் கவைக்குச் சற்றுப் பின்தங்கியே வருகிறது. ஆகவே புதிய இழை சிறிது நேரம் முத்திரையின்றி இருக்கும். அந்த இடைவேளையில் மியூட்-எஸ் புரதம் பொருந்தா இணையைப் பிடிக்கிறது, மியூட்-எல் அதோடு சேர்கிறது, இரண்டும் மியூட்-ஹெச் என்னும் நொதியை உசுப்பிவிடுகின்றன. மியூட்-ஹெச் பிழை இருக்கும் இடத்தில் வெட்டுவதில்லை. அருகிலுள்ள ஜி-ஏ-டி-சி வரிசையைத் தேடி, அங்கே மெத்தில் இல்லாத இழையை மட்டும் வெட்டுகிறது. அந்த வரிசை பிழையிலிருந்து ஆயிரம் எழுத்து தள்ளி இருக்கலாம், எந்தப் பக்கத்திலும் இருக்கலாம். வெட்டிலிருந்து பிழையைத் தாண்டும்வரை புதிய இழை முழுவதையும் யூவிஆர்-டி பிரிக்க, அந்தந்தத் திசைக்குரிய எக்சோநியூக்ளியேஸ்கள் (இழையை முனையிலிருந்து தின்னும் நொதிகள்) தின்றுவிடுகின்றன. பாலிமரேஸ்-3 மீண்டும் எழுதுகிறது. ஒரே ஓர் எழுத்துக்காக நூற்றுக்கணக்கான எழுத்துகள் அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகின்றன. பால் மோட்ரிச் இந்த முழு நிகழ்வையும் தூய்மைப்படுத்திய புரதங்களைக் கொண்டு சோதனைக்குழாயில் 1989-இல் நடத்திக் காட்டினார். லிண்டால், சன்ஜார், மோட்ரிச் மூவரும் 2015-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

முத்திரைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதற்குச் சான்று, அதைக் குலைத்துப் பார்த்த சோதனைகளில் இருக்கிறது. டாம் நொதி இல்லாத பாக்டீரியாவில் திடீர்மாற்றங்கள் பெருகுகின்றன. அளவுக்கு மீறி டாம் நொதியைச் சுரக்கவைத்தாலும் பெருகுகின்றன, ஏனென்றால் புதிய இழை உடனுக்குடன் முத்திரை பெற்றுவிட, மியூட்-ஹெச்சுக்கு வெட்ட இடமில்லாமல் போகிறது. இவற்றைவிட என்னை வியக்கவைப்பது இன்னொரு முடிவு. டாம் இல்லாத பாக்டீரியாவுக்கு 2-அமினோபியூரின் என்னும் பொய்க் காரத்தைக் கொடுத்துப் பொருந்தா இணைகளைப் பெருக்கினால் அது இறந்துவிடுகிறது. அதே பாக்டீரியாவில் மியூட்-எஸ் மரபணுவையும் நீக்கிவிட்டால் அது பிழைத்துக்கொள்கிறது! இரண்டு இழைகளிலும் முத்திரை இல்லாததால் திருத்தும் நொதிகள் இரண்டையும் வெட்டி, குரோமோசோமையே முறித்திருக்கின்றன. மூலம் எது என்று தெரியாத நிலையில் திருத்துவதைவிடத் திருத்தாமல் விடுவதே மேல் என்று இதிலிருந்து நேரடியாகத் தெரிகிறது. மெத்தில் முத்திரையும் மியூட்-ஹெச்சும் ஈ. கோலைக்கும் அதன் நெருங்கிய உறவினங்களுக்கும் உரியவை என்பதையும் சொல்ல வேண்டும். மியூட்-எஸ், மியூட்-எல் கொண்ட ஏனைய பாக்டீரியாக்கள் பெரும்பாலானவற்றில் மியூட்-எல் புரதமே வெட்டும் வேலையையும் செய்கிறது.

இரண்டு இழைகளும் ஒருசேர முறிந்துவிட்டால் எதிர் இழையும் உதவாது. அப்போது மூலம் இன்னொரு பிரதியில்தான் இருக்க வேண்டும். வளரும் ஈ. கோலையில், பாதி நகலான குரோமோசோமின் உடன்பிறந்த பகுதி பக்கத்திலேயே இருக்கும். முறிந்த முனையைப் பற்றும் ரெக்-பிசிடி என்னும் முப்புரத எந்திரம், இழைகளைப் பிரித்துக்கொண்டு நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் எழுத்து வேகத்தில் ஓடியபடியே அவற்றை நறுக்கித் தள்ளுகிறது. முறிவைச் சரிசெய்ய வந்தது மேலும் அழிப்பதைப் பார்த்தால் விந்தையாகத் தோன்றும். ஆனால் ஜி-சி-டி-ஜி-ஜி-டி-ஜி-ஜி என்னும் எட்டெழுத்து வரிசையை உரிய திசையிலிருந்து சந்தித்ததும் அது சற்று நின்று, நடத்தை மாறி, ஓர் இழையைத் தின்னாமல் நீள விட்டு, அதன்மேல் ரெக்-ஏ புரதத்தை ஏற்றத் தொடங்குகிறது.

இந்த எட்டெழுத்துக் குறி ஈ. கோலையின் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ ஆயிரம் இடங்களில் இருக்கிறது. தற்செயலாக அமைந்திருந்தால் அதில் ஒரு சிறு பங்கே இருந்திருக்கும். உள்ளே நுழையும் வைரஸின் டி.என்.ஏ.வில் பெரும்பாலும் இந்தக் குறி இல்லாததால், ரெக்-பிசிடி அதை நிற்காமல் தின்றுவிடுகிறது. ஒரே எந்திரம் தன்னுடையதைப் பழுதுபார்க்கவும் பிறருடையதை அழிக்கவும் பயன்படுகிறது.

ரெக்-ஏ ஏறிய ஒற்றை இழை, தன் வரிசைக்கு ஒத்த இரட்டை இழையைத் தேடிச் சென்று உள்ளே நுழைகிறது. அங்கிருந்து நகலெடுத்து முறிவு நிரப்பப்படுகிறது. இரு குரோமோசோம்களும் குறுக்காகப் பின்னிக்கொள்ளும் சந்திப்பை ரூவ்-ஏ, ரூவ்-பி நகர்த்த, ரூவ்-சி வெட்டிப் பிரிக்கிறது. ரெக்-ஏ இழந்த திடீர்மாற்ற வகைகளை 1965-இல் ஜான் கிளார்க்கும் ஆன் டீ மார்குலிசும் முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். காசநோய்க் கிருமியின் ரெக்-ஏ புரதத்தின் படிக அமைப்பை 2000-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன், கே. முனியப்பா ஆகியோரின் குழுக்கள் வெளியிட்டன.

வளராமல் உறங்கும் பாக்டீரியாவுக்கு உடன்பிறந்த பிரதி இருக்காது. மைக்கோபாக்டீரியாக்களும் பேசில்லஸ் வகைகளும் இதற்காக கூ, லிக்-டி என்னும் இரண்டு புரதங்களை வைத்திருக்கின்றன. முறிந்த இரு முனைகளையும் அப்படியே பிடித்து ஒட்டிவிடுவதே அவற்றின் வேலை. ஒட்டும் இடத்தில் சில எழுத்துகள் விழலாம் அல்லது கூடலாம். முறிந்த குரோமோசோமோடு இருப்பதைவிட அது மேல். ஈ. கோலைக்கு இந்த வழி இல்லை.

இதற்கு நேர்மாறாக, எப்போதும் பிரதிகளைக் கைவசம் வைத்திருப்பது டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ். 1956-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஆர்தர் ஆண்டர்சன், காமாக் கதிரால் டப்பா இறைச்சியைக் கிருமிநீக்கம் செய்யும் சோதனையின்போது, கதிருக்குப் பின்னும் கெட்டுப்போன ஒரு டப்பாவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். மனிதனைக் கொல்ல 5 கிரே (உடல் ஏற்கும் கதிரின் அலகு) அளவு போதும். இது 5000 கிரேயிலும் ஏறத்தாழ எதுவும் நடக்காததுபோல் வளர்கிறது. அதன் டி.என்.ஏ. தனிச்சிறப்பாக உறுதியானது என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. ஒரே அளவு கதிருக்கு ஈ. கோலைக்கு விழும் அளவுக்கே இதற்கும் முறிவுகள் விழுகின்றன. குரோமோசோம் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிய பின்பு, சில மணி நேரத்தில் அவை மீண்டும் ஒன்றாகின்றன.

ஒவ்வோர் உயிரணுவிலும் மரபுத்தொகுதியின் பிரதிகள் 4 முதல் 10 வரை இருப்பதும், அவை வெவ்வேறு இடங்களில் முறிவதும்தான் இதைச் சாத்தியமாக்குகின்றன. ஒரு பிரதியில் முறிந்த இடம் இன்னொன்றில் முறியாமல் இருக்கும். 2006-இல் மிரோஸ்லாவ் ராட்மன் குழு காட்டியபடி, துண்டுகள் ஒன்றையொன்று வார்ப்பாகக் கொண்டு நீண்ட ஒற்றை இழைகளை வளர்க்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று படியும் அந்த இழைகள் இணைந்து பெருந்துண்டுகளாகின்றன. இறுதியில் ரெக்-ஏ வழியாக முழு வட்டமாகின்றன. ஆனால் பிரதிகள் மட்டும் போதாது, ஏனெனில் பல பிரதிகளைக் கொண்ட வேறு பாக்டீரியாக்கள் இந்தக் கதிரைத் தாங்குவதில்லை. மைக்கேல் டேலி குழுவினர் 2004 முதல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, இந்த உயிரணுவில் இரும்போடு ஒப்பிடும்போது மாங்கனீசு மிகுதி. சிறு மூலக்கூறுகளோடு சேர்ந்த மாங்கனீசு, கதிரால் உண்டாகும் வினைமிகு துகள்களைத் தணித்துப் புரதங்களைக் காக்கிறது. பழுதுபார்க்கும் நொதிகள் முதலில் உயிரோடிருந்தால்தானே பழுதுபார்க்க முடியும்? எனக்கு இந்த விளக்கமே மிகவும் ஏற்புடையதாக இருக்கிறது. பூமியில் எங்குமே இவ்வளவு கதிர் இயற்கையாக இல்லாதபோது இந்தத் திறன் எப்படி வந்தது என்றால், கடும் உலர்ச்சியைத் தாங்குவதன் துணைவிளைவாக வந்திருக்க வேண்டும். கதிரைத் தாங்க முடியாத இதன் திடீர்மாற்ற வகைகள் உலர்ச்சியையும் தாங்குவதில்லை என்பது 1996-இல் தெரியவந்தது.

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். சேதம் அளவுக்கு மீறி, நகலெடுக்கும் கவைகள் ஆங்காங்கே நின்றுவிடும்போது, உயிரணுவில் ஒற்றை இழைகள் மிகுகின்றன. அவற்றின்மேல் ரெக்-ஏ ஏறி நீண்ட சரமாகிறது. அந்தச் சரமே அபாய அறிகுறி. 1970-களில் இந்த எதிர்வினைக்கு எஸ்.ஓ.எஸ். என்று ராட்மன் பெயரிட்டார். அதற்கு அடித்தளமிட்டதில் விட்கினின் பங்கும் பெரிது. சாதாரண நிலையில் லெக்ஸ்-ஏ என்னும் புரதம் ஏறத்தாழ 40 மரபணுக்களை அடக்கிவைத்திருக்கும். ரெக்-ஏ சரத்தைத் தொட்டதும் அது தன்னைத்தானே இரண்டாக வெட்டிக்கொள்கிறது. மரபணுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. லெக்ஸ்-ஏ தளர்வாகப் பிடித்திருந்தவை முதலில் வருகின்றன. யூவிஆர் தொகுதி அவற்றில் அடங்கும். சேதம் தீராவிட்டால் சுல்-ஏ என்னும் புரதம் வந்து உயிரணுப் பிரிவுக்கான வளையம் உருவாவதைத் தடுக்கிறது. பாக்டீரியா பிரியாமல் நூல்போல் நீள்கிறது. கடைசியாகவே யூஎம்யூ மரபணுக்களின் வழியாகப் பாலிமரேஸ்-5 செயலுக்கு வருகிறது.

பாலிமரேஸ்-3 தாண்ட முடியாத சேதத்தின்மேல் பாலிமரேஸ்-5 ஏதோ ஓர் எழுத்தை வைத்துக் கடந்துபோகிறது. எதிரே படிக்கத்தக்க மூலம் இல்லாத இடத்தில் வைக்கப்படும் எழுத்து அது. அதற்குத் திருத்திப் பார்க்கும் துணைப்புரதமும் இல்லை. சேதமற்ற இடங்களிலும் அது தவறு செய்கிறது. பாக்டீரியா நெருக்கடியில் வேண்டுமென்றே தன் மரபைக் கலைத்துப் பார்க்கிறது என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கத் தயங்குகிறேன். பிழையற்ற வழிகள் எல்லாம் முயன்று தீர்ந்த பின்பே இந்த நொதி வெளியே விடப்படுகிறது என்பதும், வேலை முடிந்ததும் விரைவாகச் சிதைக்கப்படுகிறது என்பதும், மாற்றங்களைப் பிழைத்திருப்பதற்கான விலையாகவே பார்க்கச் சொல்கின்றன. அந்த விலையால் பின்னர் ஆதாயம் கிடைக்கலாம் என்பது வேறு.

அந்த ஆதாயம் மருத்துவத்தில் நமக்கு இழப்பு. சிப்ரோஃப்ளாக்சசின் மருந்து, டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் கைரேஸ் நொதியை, வெட்டிய நிலையிலேயே பூட்டி, குரோமோசோமை முறிக்கிறது, அதனாலேயே எஸ்.ஓ.எஸ்.ஸையும் தூண்டுகிறது. 2005-இல் ஃபிளாய்ட் ரோம்ஸ்பெர்க் குழு, தன்னை வெட்டிக்கொள்ள இயலாத லெக்ஸ்-ஏ கொண்ட ஈ. கோலையை எலிகளுக்குத் தொற்றவைத்து இந்த மருந்தைக் கொடுத்தபோது, எதிர்ப்பு வகைகள் தோன்றவில்லை. இதனாலேயே லெக்ஸ்-ஏ, ரெக்-ஏ ஆகியவற்றைத் தடுக்கும் துணைமருந்துகளை உருவாக்க முயல்கிறார்கள்.

எல்லா எதிர்ப்பும் எஸ்.ஓ.எஸ். வழியாகத்தான் வருகிறது என்று இதிலிருந்து முடிவுசெய்துவிடக் கூடாது. பல எதிர்ப்பு மரபணுக்கள் பிளாஸ்மிடுகள் என்னும் சிறு தனி டி.என்.ஏ. வளையங்களில் வேறு பாக்டீரியாவிலிருந்து வருகின்றன. அவற்றுக்கும் பழுதுபார்ப்புக்கும் தொடர்பு குறைவு. மேலும், ஆயிரம் பிரிவுக்கு ஒரு மாற்றம் என்னும் குறைந்த விகிதமே தொகை பெரிதாகும்போது போதுமானது. காசநோய்க் கிருமிகளில் ஏறத்தாழ பத்துக் கோடிக்கு ஒன்று, மருந்தையே காணாமல், ரிஃபாம்பிசின் என்னும் காசநோய் மருந்தை எதிர்க்கும் மாற்றத்தைக் கொண்டிருக்கும். நுரையீரலில் குழிவிழுந்த ஒரு நோயாளியிடம் கிருமிகள் அந்த எண்ணிக்கையை எட்டலாம். ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்தே கொடுப்பதற்கு அடிப்படை இந்தக் கணக்குதான், ஏனெனில் இரண்டு மருந்துகளை எதிர்க்கும் இரண்டு மாற்றங்களும் ஒரே கிருமியில் தற்செயலாகச் சேரும் வாய்ப்பு மிகமிகச் சிறியது. காசநோய்க் கிருமியிடம் மியூட்-எஸ்ஸும் மியூட்-எல்லும் இல்லாமலேயே அதன் மாற்ற விகிதம் இவ்வளவு குறைவாக இருந்தது நெடுங்காலம் புதிராக இருந்தது. மைக்கோபாக்டீரியாக்களில் நியூக்-எஸ் என்னும் வேறொரு புரதம் அந்த வேலையைச் செய்கிறது என்று 2017-இல் தெரியவந்தது.

திருத்தும் மரபணுவையே இழந்துவிட்ட பாக்டீரியாக்களும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் ஸ்பெயினில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் சளி கெட்டிப்பட்டுத் தேங்கும் மரபுநோய்) நோயாளிகள் 30 பேரின் சளியிலிருந்து சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியாவை எடுத்துப் பார்த்தபோது, 11 பேரிடம் மாற்ற விகிதம் பன்மடங்கு கூடிய வகைகள் இருந்தன. அவற்றில் பல மியூட்-எஸ் மரபணு பழுதானவை. மருந்தெதிர்ப்பும் அவற்றிலேயே கூடுதலாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் மருந்து மாறிமாறி வரும் அந்த நுரையீரலில், தற்செயலாகச் சரியான மாற்றத்தைப் பெற்ற வகையோடு அதன் பழுதான மியூட்-எஸ் மரபணுவும் சேர்ந்தே பெருகிவிடுகிறது. நிலையான சூழலில் இத்தகைய வகைகள் கேடான மாற்றங்களைச் சுமந்து மெல்லப் பின்தங்கிவிடுகின்றன. அதனால்தான் இயற்கையில் எடுக்கப்படும் ஈ. கோலையில் அவை நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே காணப்படுகின்றன.